கணக்கில் வராத தளம்

தம்பி,

இதை உறையில் போட்டு ஒட்டி உன் பெங்களூர் முகவரிக்கு அனுப்பியிருக்கலாம். நாலு பேர் படிக்கும் இடத்தில் அச்சிடக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் கேட்கப்பட்டது நாலு பேர் நடுவில் கேட்கப்பட்டது. உனக்கு மாமனாராகப் போகிறவரின் வீட்டுக் கூடத்தில், வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, அவருடைய பங்காளிகள் பார்த்துக்கொண்டிருக்க, சிரித்த முகத்தோடு கேட்கப்பட்டது. கேள்வி சபையில் வந்தால் மறுமொழியும் சபையில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை; உன் பெயரை, உனக்கு மனைவியாகப் போகிற அந்த நல்ல பெண்ணின் பெயரை, அவளுடைய தகப்பனாரின் பெயரைக்கூட எழுதப் போவதில்லை. ஒரே ஒரு பெயரை மட்டும் எழுதுவேன். அந்த ஒரு பெயருக்காகத்தான் இவ்வளவும்.

அன்று அவர் கேட்டது உனக்கு நினைவிருக்கும். "சம்பந்தி, கப்பல் அளக்குற உத்தியோகம்னு மாப்ளை சொன்னாரு. நீங்க அளந்ததுலயே ரொம்பப் பெரிய கப்பல் எவ்வளவு பெருசு இருக்குங்க?" என்றார். நான், "யாருக்குங்க?" என்று கேட்டேன். கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய். அப்பா தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பாய். நான் தமாஷ் பண்ணவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் செய்த தொழிலில், அந்தக் கேள்விக்கு நேர்மையான ஒரே பதில் அதுதான்.

கப்பலுக்கு ஓர் அளவு என்று எதுவும் கிடையாது. படகுத்துறையில் நின்று வேடிக்கை பார்ப்பவனுக்கு அதன் நீளம்தான் அளவு. கால்வாய்க்காரனுக்கு அகலமும், தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பதும் அளவு. சரக்கு அனுப்பும் வியாபாரி, அது எத்தனை டன் சுமக்கும் என்று கேட்பான். துறைமுகத்தில் கட்டணம் வசூலிப்பவனும் டன் என்றுதான் கேட்பான். ஆனால் இரண்டு டன்னும் ஒன்றல்ல. முதலாவது எடை. இரண்டாவது எடையே அல்ல, கப்பலின் உள்ளே அடைபட்டிருக்கும் இடத்தின் கொள்ளளவு. ஒரு காலத்தில் மேல்நாட்டில் இத்தனை பெரிய மதுப் பீப்பாய்கள் ஏறும் கப்பல் என்று எண்ணிய வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. நம் மரக்காலைப் போல. மரக்காலும் நெல்லின் எடையைச் சொல்வதில்லை, அது அடைக்கும் இடத்தைத்தான் சொல்கிறது. கடைசியில், கிழடுதட்டிய கப்பலை உடைக்க வாங்குகிறவன் வருவான். அவனுக்குச் சரக்கும் வேண்டாம், கொள்ளளவும் வேண்டாம். வெறும் இரும்பின் எடை மட்டும் போதும். ஒரே கப்பல்தான். கேட்பவன் மாறினால் அதன் அளவு மாறும். சொந்தக்காரன் சரக்குப் பிடிக்கப் போகும் இடத்தில் பெரிய எண்ணைச் சொல்வான், கட்டணம் கட்டும் இடத்தில் சின்ன எண்ணை நீட்டுவான். இரண்டும் பொய்யல்ல. அதனால்தான் "யாருக்குங்க?" என்று கேட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய சரக்குக் கப்பல்களில் ஒரு தந்திரம் இருந்தது. மேல்தளத்தில் வேண்டுமென்றே ஒரு திறப்பு வெட்டி வைப்பார்கள். நிரந்தரமாக அடைக்காமல், எடுத்துவிடக்கூடிய பலகைகளை அடுக்கி அதை மூடியிருப்பார்கள். அடைக்கப்படாத திறப்பு இருக்கிறதல்லவா, ஆகவே அதன் கீழே உள்ள தளம் முழுவதும் திறந்த வெளி என்று சட்டம் ஏற்றுக்கொள்ளும். திறந்த வெளியை அளவில் சேர்க்க வேண்டியதில்லை. ஒரு நாலடித் திறப்புக்காக ஒரு முழுத் தளமே கணக்கிலிருந்து போய்விடும். நான் அந்தத் தளங்களில் நடந்திருக்கிறேன், தம்பி. இரு பக்கமும் தலைக்கு மேல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். சணல் நெடி மூச்சை அடைக்கும். ஆனால் கப்பலின் சான்றிதழ்படி நான் நின்றுகொண்டிருந்த இடமே கிடையாது. அந்தத் தளம் சுமக்கும், சம்பாதித்துக் கொடுக்கும், புயலில் கப்பலோடு சேர்ந்து அடிவாங்கும். அளவில் மட்டும் வராது. பிறகு உலக நாடுகள் கூடிப் பேசி, அடைபட்ட இடமெல்லாம் கணக்கில் வந்தே தீர வேண்டும் என்று விதி செய்தன. கப்பலுக்கு நியாயம் கிடைத்துவிட்டது.

இப்போது உன் கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறேன். அதன் மாதிரி எனக்கு வந்து சேர்ந்தது. சீர்திருத்தத் திருமணம், அமைச்சர் தலைமை, மாவட்டத்துப் பெரியவர்கள் முன்னிலை. முகப்பில் சமத்துவத்தைப் பற்றி அடுக்குமொழியில் நாலு வரி. பெண் வீட்டுப் பக்கத்தில் மூன்று தலைமுறையின் பெயர்கள், பண்ணையின் பெயர், ஊர்ப் பெயர், கட்சிப் பொறுப்பு எல்லாம் தடித்த எழுத்தில். நம் பக்கத்தில் என் பெயர், "கப்பல் அளவையாளர், சென்னை." அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்த ஒரு வரி அதில் இல்லை. "ஆலங்கரை கீழத்தெரு மாரிமுத்துவின் பேரன்" என்பது அந்த வரி. அச்சுப்பிழையோ என்று எண்ணி அவருக்குத் தொலைபேசி செய்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி," என்றார். குரலில் அவ்வளவு மரியாதை. "எனக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க. நான் மேடையில பேசாத சமத்துவமா? ஆனா பங்காளிங்க நாலு பேரு வருவாங்க, ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. கீழத்தெருன்னு எதுக்கு அச்சுல? சென்னை, கப்பல், அதுவே எவ்வளவு கம்பீரமா இருக்கு! வேணும்னா ஆயிரம் டன்னு, லட்சம் டன்னுன்னு சேத்துப் போட்டுடுவோம்."

அவருடைய சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு ரிசீவரை வைத்தேன். அதன் பிறகு நீ கூப்பிட்டாய். "ஒரு வரிதானேப்பா. அதுக்காகவா இவ்வளவு?" என்றாய். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீ உன் தாத்தாவைப் பார்த்ததெல்லாம் சென்னையில் நம் வீட்டுக்கு அவர் வந்துபோன சில நாள்களில்தான். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார மறுத்து, பால்கனியில் துண்டை விரித்துப் படுத்த ஒரு மெலிந்த மனிதராகத்தான் அவர் உனக்குத் தெரியும். அந்த ஒரு வரியின் எடை உனக்குத் தெரிய வழியில்லை. சொல்கிறேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்து ஆட்சி சட்டம் போட்டது. காவிரிப் பாசனத்தில் அன்று அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அந்தச் சட்டத்திலும் ஏக்கர் என்றால் ஏக்கர் அல்ல. தீர்வையை வைத்துக் கணக்கிடுகிற ஸ்டாண்டர்டு ஏக்கர். கோயில் நிலத்துக்கு விலக்கு, அறக்கட்டளைக்கு விலக்கு என்று திறப்புகள். அந்தத் திறப்புகளுக்குள் அடங்காத மிச்சத்துக்குப் பண்ணைகள் கண்டுபிடித்த வழி, பண்ணையாட்களின் பெயர்களில் எழுதிவைப்பது. உன் மாமனாராகப் போகிறவரின் தகப்பனார்தான் அன்று ஆலங்கரைப் பெரிய பண்ணை. அவருடைய காரியஸ்தர் குடையோடு கீழத்தெரு முனைவரை வந்து நின்றார். அவர் அதற்குமேல் காலெடுத்து வைத்து யாரும் பார்த்ததில்லை. நான் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். என் காதால் கேட்டேன்.

"டேய் மாரிமுத்து, ஒனக்கு யோகம்டா. ஒன் பேர்ல ஒரு வேலி நெலம் எழுதப்போறாங்க. வந்து கைநாட்டு வச்சிட்டுப் போ. இனிமே நீயும் மிராசுதான்."

என் அப்பா மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "அப்பிடிங்களா சாமி? அப்ப நாளைக்கு என் நெலத்துக்கு உழவுக்கு நீங்க வந்துருவீங்களா?"

தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. காரியஸ்தர், "வாய்க்கொழுப்புடா ஒனக்கு" என்று சொல்லிவிட்டு, அப்பாவை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனார். அப்பா கைநாட்டு வைத்தார். இது வெறும் காகிதம், நிலம் பண்ணையுடையதுதான் என்பது வைத்தவருக்கும் தெரியும், வைக்கச் சொன்னவருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். இதில் ரகசியம் என்று எதுவும் இல்லை. பண்ணை ஒரே ஒரு தவறு செய்தது. எழுதிய எழுத்தை உண்மையென்று எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மனிதனின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

அறுவடை வந்தது; அப்போதும் நான் ஊருக்குப் போயிருந்தேன். பண்ணைக் களத்தில் கூலி அளக்கும் முறை ஊரறிந்தது. குத்தகை நெல் உள்ளே வரும்போது மரக்காலில் கோபுரமாகக் குவித்து அளப்பார்கள். சரியும் நெல்லும் பண்ணைக்கே. கூலி வெளியே போகும்போது அதே மரக்காலின் வாயை ஒரு கட்டையால் வழித்துத் தலைதட்டி அளப்பார்கள். ஒரே மரக்கால், இரண்டு அளவு. பெரிய பண்ணை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில், கழுத்தில் கட்சிக் கரை போட்ட துண்டோடு அவருடைய மகன் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான். உன் மாமனாராகப் போகிறவர் அவர்தான். அப்பாவின் முறை வந்தது. அளப்பவர் மரக்காலை நிரப்பிக் கட்டையை எடுத்தார். அப்பா அந்தக் கட்டையின் மேல் கையை வைத்தார்.

"இருங்க. இது எந்த நெலத்து நெல்லு?"

"வாய்க்காலுக்குத் தெக்கால உள்ளது. ஏன்டா?"

"அது என் பேர்ல இருக்குற வேலிங்க. மிராசுக்கு எப்பிடி அளப்பீங்களோ, அப்பிடிக் குமிச்சு அளங்க."

அளப்பவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பண்ணையின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினார். வெள்ளைச் சட்டைக்காரர் தன் தகப்பனாரிடம், "யாருப்பா இந்த ஆளு?" என்று கேட்டார். அப்பா திரும்பிப் பார்த்து, "மாரிமுத்துங்க தம்பி. ஒங்க பத்திரத்துல இருக்கு பாருங்க," என்றார்.

அந்த மரக்கால் குவியவில்லை. அதற்குப் பதிலாக, மறு சாகுபடி முழுவதும் அப்பாவைப் பண்ணையில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நிலத்தை வேறு பெயருக்கு மாற்ற இன்னொரு கைநாட்டு வேண்டும் என்று காரியஸ்தர் மறுபடி தெருமுனைக்கு வந்தார். "ஒரு தடவை பேரைக் கொடுத்தாச்சு. திருப்பி வாங்கிக்கிற பழக்கம் எனக்கு இல்லைங்க," என்றார் அப்பா. அடியாட்கள் வந்தார்கள், கீழத்தெரு ஆண்களும் பெண்களும் அரிவாளோடு வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். கடைசியில் அப்பாவின் கைநாட்டு என்று யாருடைய கட்டைவிரலையோ உருட்டிப் பண்ணை அந்த நிலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அப்பா சீர்காழிப் பக்கம் அறுப்புக்குப் போய்க் காலம் தள்ளினார். நான் சென்னைக்குக் கூப்பிட்டேன், வர மறுத்தார். நிலம் அவருக்கு வரவில்லை. அதை அவர் கொடுக்கவும் இல்லை. சாகும்வரை வாய்க்காலுக்குத் தெற்கே நடக்கும்போதெல்லாம் வரப்பில் நின்று, "என் நெலத்துல களை மண்டிக் கெடக்கு, யாரும் கேக்க நாதியில்ல," என்று பண்ணையாட்களைச் சத்தமாகக் கேலி செய்துவிட்டுத்தான் போவார்.

ஆக, தம்பி, நிலத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தபோது அந்தக் குடும்பத்துக்கு மாரிமுத்து என்ற பெயர் வேண்டியிருந்தது. ஆலங்கரை கீழத்தெரு என்ற விலாசமும் வேண்டியிருந்தது. சர்க்கார் காகிதத்தில், முத்திரைக்குக் கீழே, கூச்சமில்லாமல் அதை எழுதினார்கள். இன்று மஞ்சள் தடவிய பத்திரிகையில் அதே பெயர் உறுத்துகிறது. அன்று "யாருப்பா இந்த ஆளு?" என்று கேட்டவருக்குப் பதில் நன்றாகவே நினைவிருக்கிறது; அதனால்தான் அந்த வரியை எடுத்திருக்கிறார். அவருக்கு உன் பட்டம் வேண்டும், உன் சம்பளம் வேண்டும், என் கப்பலின் கம்பீரம் வேண்டும். இவ்வளவையும் தாங்குகிற அடித்தளம் மட்டும் அளவில் வரக்கூடாது. பலகை போட்டு மூடிவிட்டு, அங்கே ஒன்றுமில்லை, திறந்த வெளிதான் என்று சொல்கிறார். நீ அந்தப் பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வரிதானே என்கிறாய்.

உன் அம்மாவுக்கு நான் இதை எழுதுவது பிடிக்கவில்லை. "கூறைப்புடவை எடுத்தாச்சு. நீங்க கடுதாசி எழுதிக் கல்யாணத்த நிறுத்துனீங்கன்னா, அந்தப் புடவைய நீங்கதான் கட்டிக்கணும்," என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். பிறகு அவளே வந்து எழுதியவரை படித்தாள். "மாமா கட்டை மேல கைய வச்சாருல்ல, அதை நல்லா எழுதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். உனக்கு மனைவியாகப் போகிற பெண்ணும் என்னிடம் பேசினாள். "மாமா, எங்கப்பா ஒங்களை அளந்து முடிச்சிட்டாரு. நீங்க அவரை அளந்தீங்களா, இல்லையா?" என்றாள். அளந்துவிட்டேன் என்றேன். "எவ்வளவு?" "கப்பலை ஒடைக்க வாங்குறவன் கணக்குல, வெறும் இரும்பும்மா." அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு அவளைப் பற்றி இருந்த கொஞ்சம் சந்தேகமும் தீர்ந்தது. நீ அவளைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பெருமைதான். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்பதில் உங்கள் இருவரையும்விட நான் பிடிவாதமாக இருக்கிறேன். அவளிடம் எதையும் பலகை போட்டு மூடிவைத்து வாழத் தொடங்காதே என்பது மட்டும்தான் உனக்கு நான் சொல்லும் புத்தி. ஒரு தளத்தை இல்லையென்று சொல்லிப் பழகிய வீட்டில் அடுத்த தளத்தையும் இல்லையென்று சொல்லத் தோன்றும். நாளை உன் பிள்ளையிடம் என்னையும் அப்படித்தான் சொல்வாய்.

மாதிரிப் பத்திரிகையில் அந்த வரியை என் கையால் மறுபடி எழுதி அச்சகத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்று அவர்கள் இனி உன்னிடம்தான் கேட்பார்கள். நான் ஒரு வார்த்தை வற்புறுத்த மாட்டேன். ஆனால் என் தொழிலில் கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழில் எத்தனை தளத்தை மறைத்தாலும், தண்ணீரிடம் அந்த வித்தை செல்லாது. கப்பல் தன் முழு எடைக்கும் அமிழ்ந்துதான் நிற்கும். நாங்கள் படகில் சுற்றிவந்து, அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஆழக் குறிகளைப் படித்தே உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். அதிலும் உப்புக் கடலில் மிதக்கிற கப்பல் ஆற்றின் நன்னீருக்குள் வந்தால், ஒரு மூட்டை கூடாமலேயே இன்னும் ஆழமாக அமிழும். நானும் இவ்வளவு காலம் கடலோரத்தில் இருந்துவிட்டேன். இனி நம் ஆற்றுத் தண்ணீருக்கு வருகிறேன்.

ஆமாம், வருவேன். பத்திரிகையில் அந்த வரி இல்லையென்றால் நான் கோபித்துக்கொண்டு சென்னையிலேயே இருந்துவிடுவேன் என்று அவர் எதிர்பார்க்கலாம். வராத சம்பந்தி அவருக்கு வசதி. அந்த வசதியை நான் செய்து தரப் போவதில்லை. வரி இருந்தாலும் வருவேன், இல்லாவிட்டாலும் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். பந்தல் அவர்களுடைய பழைய களத்துமேட்டில்தான் போடப் போகிறார்களாம். அவ்வளவு கூட்டத்துக்கு ஊரில் வேறு இடமில்லை. நல்லது. அந்த இடம் எனக்குப் பழக்கம்தான்.

பெரிய பண்ணை அன்று செய்த தவறையே அவர் மகனும் செய்திருக்கிறார். சீர்திருத்தத் திருமணத்தின் வழக்கப்படி, நிகழ்ச்சி நிரலின் அடியில், அமைச்சரின் வாழ்த்துரைக்குப் பிறகு, "நன்றியுரை: மணமகனின் தந்தை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். யோசிக்காமல் எழுதிய எழுத்து. நானும் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்ளப் போகிறேன். அமைச்சருக்கும் நன்றி சொல்வேன், பங்காளிகளுக்கும் சொல்வேன், ஒரு சொல் குறையாது. ஆனால் முதல் நன்றி, இந்தக் களத்தில் குவித்து அளக்கச் சொன்ன ஆலங்கரை கீழத்தெரு மாரிமுத்துவுக்கு. மேடைப் பேச்சு ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று தென்னை மரங்களில் ஒலிபெருக்கி கட்டுவது அவர்கள் வழக்கம். அதில் ஒன்றைக் கீழத்தெருப் பக்கம் திருப்பிக் கட்டச் சொல். அது உன்னால் முடியும்.

உன் அப்பா